அசையும் சொத்து

பூட்டு எண்ணெய்க்கு இணங்கவில்லை, சுத்தியலுக்கு இணங்கியது.
தேவகோட்டைக் கோர்ட்டு ஆணை. முப்பத்தொரு பங்காளிகள்.
வாதி கோலாலம்பூரில், பிரதிவாதிகள் எங்கெங்கோ.
நான் அமீனா.
பள்ளத்தூரில் இந்த வீட்டின்
அசையும் சொத்துக்கு மட்டும் பட்டியல் எடுக்க வந்தவள்.

சாவிக்காரர் அடைக்கலம் வாசலிலேயே நின்றுகொண்டார்.
"நீங்க போங்க மேடம். உள்ள குடியிருக்கு."
யார் என்றேன்.
"யாரு இல்லைன்னு கேளுங்க."

முகப்பில் ஒரு கப்பல் கம்பெனி காலண்டர்,
கரையான் தின்றது போக மிச்சமிருக்கும் ஆசியா.
அதன்மேல் பல்லி.
வால் கொழும்பில், வயிறு வங்கக் கடலில்,
முன்கால் ஒன்று ரங்கூன் துறைமுகத்தில்.
இதன் முன்னோர் யாரோ தேக்கோடு வந்து இறங்கியிருக்கலாம்
மரவெடிப்பில் ஒட்டிய முட்டையாக,
பாஸ்போர்ட் இல்லாமல், வட்டிக்கணக்கு இல்லாமல்.
எழுதினேன்: பல்லி, ஒன்று.
எழுதி முடிப்பதற்குள் ஏழு.

பட்டாலைத் தூணடியில் அரணை,
வந்த காரியம் மறந்த முகம்.
எனக்கும் அதே முகம்தான் அப்போது.

வளவில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது.
சதுரத்தின் ஓரத்தில் ஓணான்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.
வேலிக்குத்தான் சாட்சி என்பார்கள்,
வீட்டுக்கும் சொல்லும் போல.
குறுக்கு விசாரணைக்கு மட்டும் நிற்கவில்லை.

இரண்டாங்கட்டில் கவிழ்ந்த பித்தளை அண்டா.
தூக்கினேன்.
அடியில் சுருண்டு கட்டுவிரியன்,
கறுப்பில் வெள்ளைக் கோடு, கோடாக,
தொகை எழுதாத பேரேடு.
அண்டாவை இருந்த இடத்தில் வைத்தேன்.
கை நடுங்கியதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

மேல்மாடியில், இரும்புப் பெட்டி மூடியிலிருந்து தரைவரை
ஒரு சட்டை. நல்லதினுடையது.
டேப் வைத்து அளந்தால் ஐந்தடி இரண்டங்குலம்,
என் உயரம்.
கண்மேல் இருந்த தோலையும் கழற்றிப் போட்டுவிட்டுப்
புதுக் கண்ணோடு போயிருக்கிறது.
உரி இருக்கிறது.
உரியவர் இல்லை.

செம்புராங்கல் சுவர் இடிந்த இடத்தில் உடும்பு
நாக்கை நீட்டிக் காற்றை வாசித்தது.
கல்லை அது கவ்விய விதத்தைச் சொன்னேன்.
"பங்காளிங்க பிடிச்ச பிடி மேடம்" என்றார் அடைக்கலம், தெருவிலிருந்து.

பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து போனில் தேடினேன்.
உடும்பின் தாயாதி கிழக்கே ஒரு தீவில் மான் விழுங்குகிறது.
அரணைக்கு மேற்கே உறவு, பாலை மணலுக்குள் நீந்துகிறது.
போர்னியோவில் ஒரு பாம்பு, விலாவை விரித்து,
மரம் விட்டு மரம் காற்றில் வழுக்குகிறது.
கங்கையில் மூக்கு நுனியில் குடம் வைத்த முதலை.
பனி உருகும் திபெத்தில்
வெந்நீர் ஊற்றை ஒட்டி வாழ்கிறதாம் இன்னொன்று.
எல்லாம் ஒரே கண்டம்.
பாகம் பிரியாத சொத்து, பத்திரம் இல்லை,
எல்லைக்கல்லில் ஏறி வெயில் காய்கிறார்கள்.
தயிர்சாதம் காய்ந்துவிட்டது.

கடைசி அறை. கதவு பாதி மக்கியிருந்தது.
தள்ளினேன்.
நடுவில், தானியம் கொட்டிய காலத்துத் தூசியில்,
ஆமை.
ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள்.
தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தது.
நானும் பார்த்தேன்.
ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்.
இத்தனை நாள் ஒரே பழமொழியில் குடியிருந்தும்
இன்றுதான் நேரில் சந்திக்கிறோம்.
யார் முதலில் புகுந்தது என்ற கேள்விக்கே இடமில்லை,
தூசியில் அதன் தடம் சுற்றிச் சுற்றிப் பழசாகியிருந்தது.
"அசையும்" என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்
காத்திருந்தேன்.
ஒரு கால்.
வெகுநேரம் கழித்து இன்னொரு கால்.

சீல் வைத்தோம். கதவின் அடியில்
நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. அரக்கு அதுவரை எட்டாது,
எட்டவைக்கவும் நான் முயலவில்லை.

ஐந்து மணி பஸ். காரைக்குடி தாண்டி
நாடாவை அவிழ்த்துக் கட்டைத் திறந்தேன்.
ஆணைக்கும் பட்டியலுக்கும் நடுவிலிருந்து
ஒரு குட்டிப் பல்லி, உள்ளே வெளிச்சம் தெரியும் வயிறு,
ஜன்னல் கம்பியில் ஏறி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தது.
கண்டக்டர் வந்தார்.
"தேவகோட்டை ஒண்ணு" என்றேன்.